கஞ்சா எண்ணெயும் நாக்கடி மாத்திரையும்

“ஏனுங் தம்பி, கஞ்சா எண்ணெய் ரெண்டு சொட்டு நாக்குல விட்டா இந்த மாத்திரைப் பழக்கம் விட்டுப் போயிருமாமுங்களே, நெசந்தானுங்களா?”

சங்ககிரிப் பக்கம், லாரிப் பட்டறைகளை ஒட்டிய ஒரு டீக்கடையில் இந்தக் கேள்வி வந்தது. கேட்டவர் ஒரு காலத்தில் ராஜஸ்தான், பஞ்சாப் லைனுக்கு வண்டி ஓட்டியவர். இப்போது சொந்த வண்டி வைத்திருக்கிறார். அவருடைய தங்கை மகன் வலி மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தில் விழுந்துவிட்டான். வீட்டிலேயே அடைத்து வைத்துப் பார்த்தாயிற்று, பலனில்லை. அமெரிக்காவில் கஞ்சா எண்ணெய் கொடுத்தே ஹெராயின் பழக்கத்திலிருந்து ஆட்களை மீட்கிறார்கள் என்று ஒரு வீடியோ அவருடைய செல்போனுக்கு வந்திருக்கிறது.

அதெல்லாம் இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த வீடியோவுக்கு அடியில் உண்மையான ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. அதை முழுசாகத் தெரிந்துகொண்டால்தான் அந்தப் பையனுக்கு இன்றைக்கு எது உதவும், நாளைக்கு எது உதவக்கூடும் என்று பிரித்துப் பார்க்க முடியும். அதனால் இன்னும் இரண்டு டீ சொல்லிவிட்டு அடியிலிருந்து பேச ஆரம்பித்தோம்.

முதலில், அந்த மாத்திரை என்ன? செய்தித்தாளில் ‘போதை மாத்திரை’, ‘போதை ஊசி’ என்று பொத்தாம்பொதுவாகப் போட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட வழக்குகளில் அடிக்கடி அடிபடும் பெயர் டேபென்டடால். அறுவை சிகிச்சைக்குப் பிறகும், தாங்க முடியாத எலும்பு வலிக்கும் டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் மருந்து அது. முறையாகச் சாப்பிட்டால் நல்ல மருந்து. சீட்டில்லாமல் கைமாறி, கரைந்து, ஊசியில் ஏறும்போதுதான் வேறொன்றாகிவிடுகிறது. இதைப் போன்றே வேலை செய்யும் டிராமடாலை மத்திய அரசு 2018-இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. மெடிக்கலில் அது எளிதாகக் கிடைப்பது நின்றபோது, பழக்கப்பட்டவர்களின் தேடல் நிற்கவில்லை.

“அப்ப இது டோடா மாதிரிங்களா?” என்றார் அவர். வடக்கு லைனுக்குப் போன டிரைவர்களுக்கு டோடா தெரியாமல் இருக்காது. தூக்கம் வராது, மேல்வலி தெரியாது என்று சொல்லித் தாபாவிலேயே கரைத்துக் கொடுத்த காலம் இருந்தது. ராஜஸ்தானில் 2016 மார்ச் வரை அதற்கு உரிமம் பெற்ற கடைகளே இருந்தன.

அவர் கேட்டது மிகச் சரி. கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். பால் எடுத்தபின் காய்ந்த ஓட்டைப் பொடித்தால் டோடா. அபினுக்குள் இருக்கும் சத்து மார்ஃபின். மார்ஃபினைக் கொஞ்சம் மாற்றினால் ஹெராயின். டிராமடாலும் டேபென்டடாலும் செடியே இல்லாமல் ஆலையில் செய்தவை. எல்லாம் சேர்த்து ஓபியாய்டு என்கிறார்கள், ஏனென்றால் எல்லாம் மூளையில் போய் ஒட்டும் இடம் ஒன்று. அந்த இடத்துக்கு ஓபியாய்டு ஏற்பி என்று பெயர். 1973-இல்தான் அப்படி ஒன்று இருப்பது உறுதியானது. நம் உடம்பே வலியைத் தாங்குவதற்காகச் சுரக்கும் எண்டார்ஃபின் வந்து ஒட்டுவதற்கான இடம் அது.

இந்த ஏற்பிகள் வலியை உணரும் பகுதியிலும் இருக்கின்றன, இன்பத்தை உணரும் பகுதியிலும் இருக்கின்றன. மூச்சு விடச் சொல்லும் மூளைத் தண்டிலும் இருக்கின்றன. முழு ஆபத்தும் இந்த மூன்றாவது இடத்தில்தான். அளவு மிஞ்சினால் வலி போவதோடு மூச்சும் மெல்ல நின்றுவிடும். ஓபியாய்டால் சாகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சாகிறார்கள். சத்தமில்லாமல், தூங்குவதைப் போலவே.

“அடைச்சு வெச்சப்ப என்னாச்சுங்க?” என்று கேட்டேன்.

“மூணு நாள் பாக்க முடியலீங்க. கொட்டாவி மேல கொட்டாவி, மூக்கு ஒழுகுது, மேலெல்லாம் புல்லரிக்குது, காலு இழுக்குது, வயித்தால போகுது. தூக்கமே இல்ல. தங்கச்சி அழுதுட்டே கதவுக்கு வெளிய உக்காந்திருந்துச்சு. பத்து நாள்ல ஆளு தெளிஞ்சுட்டான். நல்லாச் சாப்பிட்டான். அப்பறம் ஒரு நாளு செருப்பு வாங்கப் போறேன்னு போனவன் மறுக்கா அதையே போட்டுட்டு வந்துட்டான்.”

இந்தக் கதையில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. அவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் குடும்பங்கள் திரும்பத் திரும்ப ஏமாறுகின்றன. முதல் மூன்று நாள் பட்ட பாடு, மருந்து நின்றதால் உடம்பு படும் பாடு. அது கொடுமையானது, ஆனால் பத்து நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும். அதன் பிறகு மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில்கூட நிற்பது ஏக்கம். பழைய கூட்டாளியைப் பார்த்தால், மாத்திரை வாங்கிய சந்தைக் கடந்தால், தரையில் கிடக்கும் சிரிஞ்சைக் கண்டால், மூளை முந்திக்கொண்டு தயாராகிவிடுகிறது. நெஞ்சு படபடக்கும், கை வேர்க்கும், வேறு நினைப்பே ஓடாது. பையன் செருப்பு வாங்கப் போனது பொய்யாக இருந்திருக்க வேண்டியதில்லை. போகிற வழியில் எதையோ பார்த்திருப்பான்.

இன்னொன்றும் உண்டு. பத்து நாள் விட்டிருந்ததில் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும். பழைய அளவையே மறுபடி ஏற்றினால் அது இப்போது மிக அதிகம். சிறையிலிருந்து வெளியே வந்தவர்களும் மறுவாழ்வு இல்லத்திலிருந்து திரும்பியவர்களும் முதல் சில வாரங்களில் அதிகம் இறப்பதற்குக் காரணம் இதுதான். விட்டுவிட்டான் என்று நாம் நிம்மதி அடையும் நாட்கள்தான் மிகவும் கவனிக்க வேண்டிய நாட்கள். இதை அவரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

இனிக் கஞ்சாவுக்கு வருவோம்.

கஞ்சாச் செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட கன்னாபினாய்டுகள் இருக்கின்றன. நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டே. போதை தருவது டிஎச்சி. போதை தராதது சிபிடி. இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலம் குழுவினர் 1963-இல் சிபிடியின் அமைப்பையும், மறு ஆண்டு டிஎச்சியின் அமைப்பையும் கண்டறிந்தார்கள். டிஎச்சி ஒட்டும் ஏற்பி மூளையில் இருப்பது 1988-இல் தெரியவந்தது. ஆராய்ச்சியாளர்களை நிமிர்ந்து உட்காரவைத்த விஷயம், இந்த ஏற்பிகளும் ஓபியாய்டு ஏற்பிகளும் மூளையின் பல பகுதிகளில் அக்கம்பக்கமாக இருப்பது. வலி, இன்பம், பயம், பழக்கம் எல்லாவற்றிலும் இரண்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் மூச்சை நடத்தும் மூளைத் தண்டில் மட்டும் கன்னாபினாய்டு ஏற்பிகள் மிகக் குறைவு. அதனால்தான் ஓபியாய்டு மூச்சை நிறுத்துவதுபோலக் கஞ்சா நிறுத்துவதில்லை. அப்படியானால் ஒன்றின் பிடியைத் தளர்த்த மற்றதைப் பயன்படுத்த முடியுமா என்ற கேள்வி இயல்பாகவே எழும்.

எழுந்ததும் இப்போதல்ல, முதலில் எழுந்ததும் அமெரிக்காவில் அல்ல. கல்கத்தாவில் வில்லியம் ஓஷானசி என்ற டாக்டர் 1839-இல் கஞ்சாவை மருந்தாகப் பரிசோதித்து எழுதினார். மேற்கத்திய மருத்துவம் அதைக் கையில் எடுத்தது அவர் எழுத்துக்குப் பிறகுதான். அதற்கு ஐம்பது ஆண்டு கழித்து, 1889-இல், அதே கல்கத்தாவில் மருத்துவம் பார்த்த எட்வர்ட் பர்ச், லான்செட் இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். குளோரால் என்ற தூக்க மருந்துக்கு அடிமையான ஒருவருக்கும், அபினுக்கு அடிமையான ஒருவருக்கும் கஞ்சாச் சாற்றைக் கொடுத்துப் பார்த்ததைப் பற்றி. ஏக்கம் சட்டென்று அடங்கியது, சாப்பாட்டில் ருசி திரும்பியது என்று பதிவு செய்தார். கூடவே ஓர் எச்சரிக்கையும் வைத்தார்: கொடுப்பது என்ன மருந்தென்று நோயாளிக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் ஒரு பழக்கத்திலிருந்து தப்பப் போய் இன்னொன்றில் விழுவார், இந்தியக் கடைத்தெருவில் அது தாராளமாகக் கிடைக்கிறது என்றார். இரண்டே நோயாளிகள், ஒப்பிட்டுப் பார்க்க யாருமில்லை. அறிவியலாக அதற்கு எடை குறைவுதான். ஆனாலும் இன்றைக்கு நியூயார்க்கில் கேட்கும் அதே கேள்வியை நம் நாட்டு மருத்துவமனையில் ஒருவர் கேட்டு, அதிலுள்ள அபாயத்தையும் அன்றே பார்த்திருக்கிறார். நூற்று முப்பது ஆண்டுக்கு மேலாகியும் நாம் அதைத் தொடர்ந்து கேட்காமல் விட்டதில் எனக்கு வருத்தம் உண்டு.

நியூயார்க்கில் கேட்டவர் யாஸ்மின் ஹர்ட். மவுண்ட் சினாய் மருத்துவப் பள்ளியில் இருக்கும் நரம்பியல் ஆராய்ச்சியாளர். அவர் குழு முதலில் எலிகளிடம் பார்த்தது. ஹெராயினுக்குப் பழக்கிய எலிகளுக்குச் சிபிடி கொடுத்தபோது, ஹெராயினை நினைவூட்டும் விளக்கு எரிந்தாலும் அவை முன்போலத் தேடிப் போகவில்லை. 2009-இல் அது வெளிவந்தது. பிறகு மனிதர்கள். 2019-இல் அமெரிக்க மனநல மருத்துவ இதழில் வந்த அந்த ஆய்வுதான் இன்று சுற்றும் வீடியோக்களுக்கெல்லாம் மூலம். அதனால் அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது.

ஹெராயின் பழக்கத்திலிருந்து விலகியிருந்த 42 பேர். சிலருக்குத் தினமும் 400 மில்லிகிராம் சிபிடி, சிலருக்கு 800 மில்லிகிராம், சிலருக்கு மருந்தே இல்லாத வெற்றுத் திரவம். யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, குடிப்பவருக்கும் தெரியாது. மூன்று நாள் மட்டும் கொடுத்தார்கள். நடுநடுவே ஒரு தடவை இயற்கைக் காட்சி வீடியோ, ஒரு தடவை ஹெராயின் எடுப்பதைக் காட்டும் வீடியோ. பார்த்த பிறகு எவ்வளவு ஏங்குகிறது, எவ்வளவு பதட்டம் என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். இதயத் துடிப்பையும், எச்சிலில் உள்ள பதட்டச் சுரப்பையும் அளந்தார்கள். சிபிடி எடுத்தவர்களுக்கு ஏக்கமும் பதட்டமும் குறைந்திருந்தன. துடிப்பும் சுரப்பும் அதையே காட்டின. கடைசி வேளை மருந்துக்கு ஒரு வாரம் கழித்தும் பலன் மிச்சமிருந்தது.

இது சின்ன விஷயமில்லை. ஏனென்றால் இது தொடுவது அந்தப் பத்து நாள் பாட்டையல்ல, அதற்குப் பின்னால் வரும் ஏக்கத்தை. அதைத் தணிக்கப் போதை தராத ஒரு மருந்து கிடைத்தால், செருப்பு வாங்கப் போகும் பையன் செருப்போடு திரும்புவதற்கு ஒரு வழி பிறக்கும்.

ஆனால் அந்த ஆய்வு சொல்லாததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஏக்கம் குறைந்தது என்று காட்டியது. ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் மறுபடி ஊசியை எடுத்தார்கள் என்று அது பார்க்கவில்லை. எத்தனை உயிர் தப்பியது என்று சொல்ல 42 பேர் போதாது. பங்கெடுத்தவர்கள் ஏற்கெனவே நிறுத்தியவர்கள். தினமும் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்கள் அல்ல. கொடுத்ததும் ஆய்வகத்தில் சுத்திகரித்த, வலிப்பு நோய்க்கு அங்கீகாரம் பெற்ற மருந்துத் தரச் சிபிடி. கஞ்சாப் புகை அல்ல, கடை எண்ணெயும் அல்ல.

“அந்த எண்ணெய்தான் ஆன்லைன்ல வருதுங்களே, ரெண்டு சொட்டுன்னு போட்டிருக்கான்” என்று செல்போனைக் காட்டினார்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். 30 மில்லி புட்டியில் மொத்தம் 1000 மில்லிகிராம் சிபிடி இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிக்கு 33 மில்லிகிராம். ஒரு மில்லிக்கு இருபது சொட்டு என்றால் ஒரு சொட்டில் ஒன்றரை மில்லிகிராமுக்குச் சற்று மேலே. இரண்டு சொட்டில் மூன்றே சொச்சம். ஆய்வில் கொடுத்த குறைந்த அளவான 400 மில்லிகிராமுக்கு ஒரு நாளைக்கு 12 மில்லி, ஏறத்தாழ 240 சொட்டு வேண்டும். புட்டி மூன்று நாளைக்குக்கூட வராது. அவர் தன் செல்போனிலேயே இன்னொரு தடவை பெருக்கிப் பார்த்துவிட்டு அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

லேபிளை நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 சிபிடிப் பொருட்களை வாங்கிச் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். லேபிளில் போட்டபடி சரியாக இருந்தவை 26 மட்டும். 18 பொருட்களில் போதை தரும் டிஎச்சியும் இருந்தது. நம் நாட்டில் ஆயுர்வேத உரிமத்தின் கீழ் ‘விஜயா’ என்ற பெயரில் கஞ்சா இலைச் சாறு விற்கிறார்கள். அதற்கும் டாக்டர் சீட்டு வேண்டும். அப்படிப்பட்ட சாறுகளில் சிபிடியோடு டிஎச்சியும் சேர்ந்து வருவதுண்டு. அதிக அளவுச் சிபிடி கல்லீரலைப் பாதிக்கலாம். வேறு மருந்துகளை உடம்பு கரைக்கும் வேகத்தையும் மாற்றலாம். யாரும் கவனிக்காமல், வீட்டிலேயே, பாதி தெரிந்து பாதி தெரியாமல் கொடுக்கும் பண்டமல்ல இது.

அப்படியானால் கஞ்சாவே புகைக்கட்டுமே, மாத்திரை ஊசியைவிட மேல்தானே என்ற பேச்சும் ஊரில் உண்டு. ஆந்திரப் பக்கமிருந்து ரயிலில் வரும் கஞ்சா சேலம் ஜங்ஷனில் பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது. கிடைப்பதில் பஞ்சமில்லை என்றே அர்த்தம். இந்தப் பேச்சுக்கும் ஓர் ஆராய்ச்சிக் கதை உண்டு. 2014-இல் அமெரிக்காவில் ஒரு கணக்கு வெளியானது. மருத்துவக் கஞ்சாவை அனுமதித்த மாநிலங்களில் 1999 முதல் 2010 வரை ஓபியாய்டு மரண விகிதம், மற்ற மாநிலங்களைவிட ஏறத்தாழ 25 சதவீதம் குறைவு என்றது. உலகமெங்கும் அது பேசப்பட்டது, சில மாநிலங்கள் சட்டத்தையே அதை வைத்து மாற்றின. பிறகு வேறொரு குழு அதே கணக்கை 2017 வரை நீட்டிப் பார்த்தது. முடிவு தலைகீழானது: அந்த மாநிலங்களில் மரணம் ஏறத்தாழ 23 சதவீதம் அதிகம். இதை வைத்துக் கஞ்சா கொன்றது என்றும் சொல்ல முடியாது. முதல் கணக்கை வைத்துக் கஞ்சா காப்பாற்றியது என்றும் சொல்லியிருக்கக் கூடாது. மாநிலத்தின் சராசரியைப் பார்த்து ஒரு பையனின் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் நாள்பட்ட வலிக்கு ஓபியாய்டு சாப்பிட்ட 1,514 பேரை நான்கு ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். கஞ்சா பயன்படுத்தியவர்கள் ஓபியாய்டைக் குறைத்ததற்கான சான்று கிடைக்கவில்லை.

டிஎச்சியை மருந்தாகவே கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். ஓபியாய்டு நிறுத்தும்போது வரும் உடம்புப் பாட்டை அது கொஞ்சம் குறைத்தது. அளவைக் கூட்டியபோது இதயம் படபடத்தது. இளவயதில் டிஎச்சி அதிகம் எடுப்பவர்களுக்கு மனநோய் வரும் ஆபத்தும் கூடுகிறது. பர்ச் 1889-இல் பயந்ததும் பொய்யில்லை: கஞ்சா பயன்படுத்துகிறவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு அதற்கே அடிமையாகிறார்கள்.

“அப்ப ஒண்ணுமே இல்லீங்களா?”

இருக்கிறது. இதைச் சொல்லத்தான் அவ்வளவு நேரம் உட்கார்ந்தேன். புப்ரெனார்ஃபின் என்று ஒரு மாத்திரை. நாக்கின் அடியில் வைத்துக் கரையவிட வேண்டும். விழுங்கினால் பெரும்பகுதி கல்லீரலிலேயே வீணாகிவிடும். உலக சுகாதார நிறுவனம் இதை 2005-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவிலேயே தயாராகிறது, விலையும் கட்டுப்படியாகும். ஊசி வழியாக எச்ஐவி பரவுவதைத் தடுக்க, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு இதை மையங்களில் இலவசமாகவே கொடுக்கிறது, நர்ஸ் கண்முன்னே வைத்துக்கொள்ளும்படி.

அவர் முகம் மாறியது. “அதுவும் போதை மருந்துதானுங்க? ஒண்ணை விட்டு ஒண்ணா?”

நல்ல மனிதர்கள் கேட்கும் கேள்வி இது. எத்தனையோ குடும்பங்கள் சிகிச்சையை இந்த இடத்தில்தான் கைவிடுகின்றன. அது ஓபியாய்டு வகைதான்; மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஏற்பியைப் பாதி மட்டும் தூண்டும். லாரியில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பூட்டியபின் எவ்வளவு மிதித்தாலும் ஒரு எல்லைக்கு மேல் வண்டி போகாதல்லவா, அப்படி இதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. அதனால் மூச்சு நிற்கும் ஆபத்து மிகக் குறைவு. தூக்க மாத்திரையோ சாராயமோ கூடச் சேர்ந்தால் மட்டும் ஆபத்து. ஏற்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால், மேலே வேறு ஊசி போட்டாலும் பெரிதாக ஏறாது. நாள் முழுவதும் உடம்பு சமநிலையில் இருக்கும். காலையில் எழுந்ததும் மருந்து தேடி ஓட வேண்டியதில்லை, வேலைக்குப் போகலாம். சென்னையில் ஒரு காலத்தில் இதையே ஊசியாகப் போட்டுக் கெட்டவர்களும் உண்டு. அதைத் தடுக்கத்தான் இப்போது, ஓபியாய்டை முறிக்கும் நலோக்சோன் என்ற மருந்து சேர்த்த மாத்திரையாகவும், கண்முன்னே கொடுக்கும் முறையாகவும் வைத்திருக்கிறார்கள்.

உயிர் தப்புவதில் இதற்கு இருக்கும் சான்று வேறெதற்கும் எளிதில் கிடைக்காதது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2017-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்ட கணக்கில், புப்ரெனார்ஃபின் எடுத்துவரும் ஆயிரம் பேரில் ஓராண்டில் இறந்தவர்கள் ஏறத்தாழ நான்கு பேர். அதை நிறுத்தியவர்களில் ஒன்பது பத்துப் பேர். பாதிக்கும் குறைவு. நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவரை இன்சுலின் அடிமை என்று யாரும் சொல்வதில்லை. இந்தப் பையனுக்கு மட்டும் நாம் ஏன் வெறும் மனவுறுதியைக் கேட்கிறோம் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. அடைத்து வைத்தால் தெளிந்துவிடுவான் என்ற நம்பிக்கை எத்தனை வீடுகளில் பிள்ளைகளைச் சாகவிட்டிருக்கிறது என்று யோசித்தால் நெஞ்சு கனக்கிறது.

எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய மையம் நடத்தி 2019-இல் வெளியான கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஓபியாய்டு பயன்படுத்துகிறவர்கள் இரண்டு கோடியே இருபத்தாறு லட்சம் பேர். அவர்களில் சிகிச்சை தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் ஏறத்தாழ 77 லட்சம். இவ்வளவு பேர் இருக்கும் நாட்டில், சிபிடி நம் ஆட்களுக்கு உதவுமா என்பதை நாமே ஆராய வேண்டும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. ஹெராயினுக்காக மட்டுமல்ல, டேபென்டடால் ஊசிக்காகவும். புப்ரெனார்ஃபினோடு சேர்த்துக் கொடுத்து, ஒரு வருடம் பின்தொடர்ந்து, எத்தனை பேர் திரும்ப விழாமல் இருந்தார்கள் என்று எண்ண வேண்டும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமே மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் வழி விட்டிருக்கிறது. ஜம்முவில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனம் அனுமதியோடு கஞ்சா பயிரிட்டு மருந்தாராய்ச்சி செய்கிறது. சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மாதிரி, நோயாளிகள் தினமும் வந்து நிற்கும் இடங்களும் அதில் சேர வேண்டும். சிபிடி ஒரு நாள் உதவுமானால் அது புப்ரெனார்ஃபினுக்குத் துணையாக வரும் என்பதே என் எதிர்பார்ப்பு. அதன் இடத்தைப் பிடிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிறகு அவர் நடைமுறைக் கேள்விகளுக்கு வந்தார். எங்கே போவது? சேலம் அரசு மருத்துவமனை, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் மனநலப் பிரிவுக்குப் போய், புப்ரெனார்ஃபின் சிகிச்சை வேண்டும் என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும். அங்கே இல்லையென்றால் எங்கே இருக்கிறது என்று அவர்களே சொல்வார்கள். தமிழக அரசு 2025-இல் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறது. 14446 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் பக்கத்து மையம் எதுவென்று தெரியும். ஊசி போட்டவனாகையால் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் சி பரிசோதனையும் அன்றே செய்துவிட வேண்டும்.

போலீஸ் வருமா என்பது அவர் தங்கையின் பயம். தானாகச் சிகிச்சைக்கு வருகிறவரைப் பயன்படுத்திய குற்றத்துக்காக வழக்கில் இழுக்காமல் விடுவதற்குப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவிலேயே இடமிருக்கிறது. கட்டிவைத்து அடிக்கும் ‘மறுவாழ்வு’ வீடுகளுக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள் என்றேன். ஆளைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. அதைவிட முக்கியம், அங்கிருந்து வெளியே வரும் வாரம்தான் அவன் சாகக்கூடிய வாரம். பையன் மயங்கிக் கிடந்து, உதடு நீலம் பாய்ந்து, மூச்சு எப்போதாவது ஒன்று என்று வந்தால், ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு 108-ஐக் கூப்பிட வேண்டும். என்ன போட்டான் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நலோக்சோன் ஊசி அந்த மயக்கத்தைச் சில நிமிடத்தில் தெளியவைக்கும். வந்தது எதனால் என்று டாக்டருக்குத் தெரிந்தால்தான் அதைப் போடுவார்.

“முதல் மாத்திரையை இன்னிக்கே குடுத்துரலாமுங்களா?”

கூடாது. கடைசி ஊசியின் வேகம் உடம்பில் இருக்கும்போதே இதை வைத்தால், இது அதைத் தள்ளிவிட்டு அந்த மூன்று நாள் பாட்டை ஒரே மணி நேரத்தில் கொண்டுவந்துவிடும். கொட்டாவியும் மூக்கொழுகலும் தானாக ஆரம்பிக்கும்வரை, பெரும்பாலும் அரை நாளாவது, பொறுத்திருந்து டாக்டர் எதிரில்தான் தொடங்க வேண்டும். அளவு நிலைபெறும் வரை, முதல் ஒன்றிரண்டு வாரம், ஸ்டியரிங் பக்கம் விடக் கூடாது. கிளீனராகக்கூட இரவு லோடுக்கு அனுப்பக் கூடாது. தூக்கம் சீராகி, டாக்டர் சரியென்ற பிறகு வேலைக்குப் போகலாம். எத்தனை மாதம் என்று கேட்டார். குறைந்தது ஒரு வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சிலருக்குப் பல வருடமும் ஆகும், குறைப்பதென்றால் டாக்டரோடு சேர்ந்து மெல்ல மெல்லத்தான் என்றேன். மருந்தின் பெயரை ஒரு தாளில் தமிழில் எழுதித் தரச் சொன்னார். எழுதி, அதன் கீழேயே அந்த ஐந்து இலக்க எண்ணையும் எழுதிக் கொடுத்தேன்.